எம்.டெக்கா, எம்.சி.ஏ.வா, எம்.பி.ஏ.வா?

ஏலகிரி, ஜோலார்பேட்டை, ஆம்பூர் பக்கத்திலிருந்து கிளம்பிப் போய் சென்னையிலும் பெங்களூருவிலும் ஐ.டி.யில் பத்துப் பதினைந்து வருடம் ஓட்டியவர்களின் கேள்விகள் இந்த இதழில்.

வயது 38. டெஸ்டிங்கில் 15 வருடம். இனிமேல் எம்.டெக். படித்தால் யார் மதிப்பார்கள்? (ஜோலார்பேட்டை வாசகர்)

யார் மதிக்க வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். இப்போதைய மேனேஜரா, அடுத்த கம்பெனியா, வெளிநாட்டுப் பல்கலைக்கழகமா, கல்லூரியின் நேர்காணல் குழுவா? ஆளுக்கு ஆள் படிப்பு மாறும். வயதை விடுங்கள், எம்.டெக். நுழைவுக்கான கேட் தேர்வுக்கே வயது வரம்பு இல்லை.

ஆட்குறைப்பு பயத்தில் தூக்கம் வரவில்லை. ஏ.ஐ.யில் எம்.டெக். சேர்ந்துவிட்டால் வேலை தப்புமா? (வாணியம்பாடி வாசகர்)

பட்டம் கைக்கு வர இரண்டு வருடம், ஆட்குறைப்பு மெயில் வர இரண்டு நிமிடம். 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுநிலை, மேல்நிலை ஆட்கள். உங்கள் பயம் நியாயமானது. ஆனால் பயத்தில் கட்டும் ஃபீஸ் பெரும்பாலும் வீண். முதலில் ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டெல்.லில் 12 வார கோர்ஸ் ஒன்றில் சேருங்கள். நிகழ்தகவோ லீனியர் அல்ஜீப்ராவோ எதுவானாலும் சரி. பாடம் இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம். ஆபீஸ் முடிந்த பிறகும் வாராவாரம் அசைன்மென்ட்டைத் தவறாமல் போட முடிந்தால் தைரியமாக எம்.டெக்.குக்கு விண்ணப்பியுங்கள். நான்காம் வாரத்திலேயே நின்றுவிட்டால் சில லட்சம் மிச்சம்.

அத்தனாவூரில் வீட்டிலிருந்தே வேலை. பிட்ஸ் பிலானியின் வேலையோடு சேர்ந்த எம்.டெக். எனக்குச் சரிவருமா? (ஏலகிரி வாசகர்)

சரிவரும். நான்கு செமஸ்டர், சனி ஞாயிறுகளில் நேரலை வகுப்பு. கடைசி செமஸ்டரில் செய்யும் ப்ராஜெக்டை உங்கள் ஆபீஸ் வேலையிலிருந்தே எடுக்கலாம், இதன் பெரிய பலம் அதுதான். இந்த ஏற்பாடு புதிதும் அல்ல. விப்ரோ 1995லேயே பிட்ஸோடு கைகோத்து, பி.எஸ்சி. முடித்த பிள்ளைகளை வேலைக்கு எடுத்து, கூடவே முதுநிலையும் படிக்க வைத்தது. பின்னாளில் நம் வேலூர் வி.ஐ.டி.யும் அதில் சேர்ந்தது. சேருமுன் தேர்வு எங்கே, எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். மலையில் நெட் போனால் கைகொடுக்க இரண்டாவது கனெக்‌ஷன் ஒன்று வேண்டும். இரண்டு வருட வார இறுதிகள் போய்விடும் என்பதை வீட்டிலும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

வகுப்பே வேண்டாம், தபாலில் எம்.டெக். வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒருவர். (திருப்பத்தூர் வாசகர்)

வேண்டவே வேண்டாம். 2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம், நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் முறையான அனுமதியின்றித் தொலைதூர முறையில் கொடுத்த இன்ஜினியரிங் பட்டங்களை விசாரித்துத் தீர்ப்பளித்தது. அவற்றில் ஒன்று சேலத்தைச் சேர்ந்தது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ. வைக்கும் தேர்வை எழுதித் தப்பிக்க ஒரு வாய்ப்பு கிடைத்தது. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டம் ரத்து. அந்தப் பட்டத்தைக் காட்டிப் பதவி உயர்வு வாங்கியவர்களின் நிலையை நினைத்தால் வயிறு எரிகிறது. தொலைதூரத்தில்தான் படிக்க முடியும் என்றால் எம்.சி.ஏ., எம்.பி.ஏ. இருக்கின்றன. யு.ஜி.சி.யின் தொலைதூரக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் கல்லூரியின் பெயரும் பாடத்தின் பெயரும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஜாவா டெவலப்பர் நான். அண்ணன் ஷூ அப்பர் தைக்கும் யூனிட் வைத்திருக்கிறார், துணைக்கு வா என்கிறார். எம்.பி.ஏ. படித்துவிட்டு வரட்டுமா? (ஆம்பூர் வாசகர்)

முதலில் வாருங்கள், படிப்பு பிறகு. உங்கள் ஐ.டி. அனுபவத்துக்கு அங்கே என்ன வேலை என்பதற்கு ஓர் உதாரணம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 மே 1 முதல் ஒரு விதி இருக்கிறது. உடம்பில் படும் தோல் பொருளில் குரோமியம்-6 கிலோவுக்கு 3 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் விற்கக் கூடாது. டேனரியில் பதனிடப் போடுவது குரோமியம்-3. சூடு, வெளிச்சம், கிடங்கில் வைத்திருக்கும் விதம் சரியில்லை என்றால் அதில் கொஞ்சம் 6 ஆக மாறிவிடும். டெஸ்ட் ரிப்போர்ட்டில் அளவு தாண்டினால் அந்த லாட் எந்த டேனரியில், எந்த ட்ரம்மில், எந்தத் தேதியில் பதனிட்டது, அதே தோலில் வேறு எத்தனை ஜோடி போயிருக்கிறது என்று உடனே சொல்லியாக வேண்டும். அண்ணனிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். பதில் மூன்று நோட்டிலும் நாலு வாட்ஸ்அப் குரூப்பிலும் சிதறிக் கிடந்தால் உங்களுக்கு அங்கே வேலை தயார். ஆறு மாதம் கட்டிங் டேபிளிலிருந்து பேக்கிங் வரை நின்று பாருங்கள். அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில் குறுகிய காலப் பயிற்சிகள் உண்டு, அதில் ஒன்றை முடியுங்கள். அதன் பிறகும் எம்.பி.ஏ. தேவைப்பட்டால் எந்தப் பாடத்தில் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ஜார்ஜியா டெக் ஆன்லைன் எம்.எஸ். நல்லதா? (நாட்றம்பள்ளி வாசகர்)

மிக நல்லது. 2014 ஜனவரியில் தொடங்கியபோதே முழுப் படிப்புக்கும் சுமார் 7,000 டாலர்தான். உள்ளே நுழைவதைவிட முடிப்பது கஷ்டம். அமெரிக்க விசா மட்டும் இதில் கிடைக்காது.

சொந்த ஊர்ப் பக்கம் கல்லூரியில் பாடம் நடத்த ஆசை. (ஏலகிரி வாசகர்)

கலை அறிவியல் கல்லூரி என்றால் எம்.சி.ஏ. அல்லது எம்.எஸ்சி.யில் 55 சதவீதம், கூடவே நெட் அல்லது செட் தகுதித் தேர்வு. இன்ஜினியரிங் கல்லூரி என்றால் பி.இ.யோடு எம்.இ. அல்லது எம்.டெக். சம்பளம் குறையும், சந்தேகமில்லை. ஆனாலும் வாருங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் படுத்ததையும் அதை எழுப்பியதையும் நேரில் பார்த்தவர் வகுப்பில் நின்றால், திருப்பத்தூரிலும் வாணியம்பாடியிலும் படிக்கும் முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய கொடுப்பினை!

கணவரும் நானும் ஐ.டி. குழந்தைக்காக ஆறு வருடம் முன்பு வேலையை விட்டேன். இப்போது அவர் மேலே படிக்கப் போகிறேன் என்கிறார். ஒருவருக்குத்தான் பணம் இருக்கிறது. (ஆம்பூர் வாசகி)

நீங்கள் படியுங்கள். அவருக்கு ஓடிக்கொண்டிருக்கும் வேலையே சான்று. இடைவெளி விழுந்தவருக்குத்தான் புதிய பட்டமும் கேம்பஸ் இன்டர்வியூவும் கை கொடுக்கும். பி.இ. முடித்தவர் என்றால் கேட் எழுதுங்கள், மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும், முழுநேர எம்.டெக்.கில் இடம் கிடைத்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. பி.எஸ்சி., பி.சி.ஏ. என்றால் எம்.சி.ஏ., அது இப்போது இரண்டே வருடம். இந்தப் பதிலை உங்கள் வீட்டுக்காரரிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.