கிளாக் மாமா

முதலில் கையைப் பார்ப்பார். முகமெல்லாம் அப்புறம்.

பேர்லண்ட் மீனாட்சி கோயிலில் பிரசாதத்துக்கு நிற்கிறோம். தொன்னையில் புளியோதரை விழுவதற்குள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, முன்பின் தெரியாத ஒருவரிடம், "சார், உங்க நடுவிரல் மேட்டு மேல ஏறி உட்காருமே, நாலாம் தலைமுறை உங்களுக்குச் சரிப்படாது" என்பார். ஹூஸ்டனுக்குப் புதிதாக வந்தவர் என்றால் திடுக்கிட்டு என்னைப் பார்ப்பார். கூட வந்த பாவத்துக்கு நான்தான் விளக்கவேண்டும். ஒன்றுமில்லை, சார் துப்பாக்கி வாங்கப் போகிறார். எப்போது? 2016-லிருந்து.

உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். அங்கே மிக்சியையோ ஸ்கூட்டரையோ ஒப்பிட்டுக்கொண்டிருப்பார். டெக்சஸ் ஆயிற்றே, எங்களுக்கு வாய்த்தவர் கைத்துப்பாக்கியை ஒப்பிடுகிறார்.

துப்பாக்கியின் பெயர் கிளாக். காஸ்டன் கிளாக் என்ற ஆஸ்திரியாக்காரர் செய்தது. தமிழில் எழுதினால் அதுவும் சுவர்க் கடிகாரமும் ஒன்றுதான். சொன்னாலும் ஏறக்குறைய ஒன்றுதான். இதில் ஒரு வசதி, பொய் சொல்லாமலே ஊரை ஏமாற்றலாம். விருதுநகருக்கு ஃபோன் போட்டு, "கிளாக் பார்த்துக்கிட்டிருக்கேம்ப்பா" என்பார். அப்பாவிடமிருந்து ஒன்பது வருடமாக ஒரே பதில்: "அஜந்தா ஒண்ணு வாங்கி மாட்டுடா. செல்லைப் போட்டா அது பாட்டுக்கு ஓடும்." குடியிருப்புப் பிள்ளைகளுக்கு இவர் 'கிளாக் மாமா'. கடிகாரம் ரிப்பேர் செய்பவர் என்று நினைத்து ஒருவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்ததும் நடந்திருக்கிறது. இவர் கடிகாரத்தை விட்டுவிட்டு, கழற்றின கையைப் பிடித்துக்கொண்டார்.

2016-இல் இவர் தெருவில் ஒரு வீட்டில் திருட்டு. இந்தியர் வீடென்றால் தங்கம் இருக்கும் என்று தெரிந்து வந்த திருடன். அன்றைக்கே முடிவெடுத்துவிட்டார், வீட்டில் ஒன்று இருக்கவேண்டும். திருடன் பிடிபட்டான், தண்டனை அனுபவித்தான், வெளியே வந்தும் விட்டான். இவர் இன்னும் மூன்றாம் தலைமுறைக்கும் ஐந்தாம் தலைமுறைக்கும் நடுவில் நிற்கிறார்.

வாங்குவதற்கு முதல் தடங்கல் விசா. எச்-1பி-யில் இருப்பவருக்கு அமெரிக்கச் சட்டம் துப்பாக்கி தராது. ஆனால் விதிவிலக்கு வைத்திருக்கிறது. கையில் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் வாங்கலாம். நம்மவர் பரம சைவம். கேக்கில் முட்டை உண்டா என்று மூன்று பேரிடம் விசாரித்துவிட்டு, அப்புறமும் தின்னமாட்டார். அவர் போய் வேட்டைப் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்தார். 1971 செப்டம்பர் 2-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் டெக்சஸில் வேட்டையாட அந்த வகுப்பை முடித்தாக வேண்டும். மானின் நுரையீரல் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கத்திலிருந்து சுட்டால் அது வதைபடாமல் சாகும் என்பதெல்லாம் தெரிந்த ஒரே சைவச் சாப்பாட்டுக்காரர் எனக்குத் தெரிந்து இவர்தான். அந்த உரிமம் ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு காலாவதியாகும். ஆண்டு தவறாமல் பணம் கட்டிப் புதுப்பிக்கிறார். கிரீன் கார்டு வரிசை முந்துமா, இவர் துப்பாக்கி வாங்குவது முந்துமா என்று எங்களுக்குள் ஒரு பந்தயமே இருக்கிறது. நான் கிரீன் கார்டு பக்கம் கட்டியிருக்கிறேன். அந்த வரிசையைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும்.

சரி, தலைமுறை. இதை நான் எழுதவில்லையென்றால் இவர் என்னை மன்னிக்கமாட்டார்.

1982-இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்ட முதல் தலைமுறையில் பிடிக்குப் பொடிச் சொரசொரப்பு மட்டும்தான். எண்பதுகளின் கடைசியில் வந்த இரண்டாவதில் பிடியின் முன்னும் பின்னும் சொரசொரப்புக் கட்டங்கள். 1998-இல் மூன்றாவது. விளக்கு மாட்ட முன்னால் ஒரு தண்டவாளம், கட்டைவிரல் உட்கார ஒரு குழி, இவர் வாழ்க்கையைக் கெடுப்பதற்கென்றே விரல் பள்ளங்கள். 2010-இல் நான்காவது. பிடியின் முதுகைக் கைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம், உள்ளே இரட்டை ஸ்பிரிங், இடதுகைக்காரர்களுக்காக மேகசின் பொத்தானை மறுபக்கம் மாற்றும் வசதி. பள்ளங்கள் அப்படியே. 2017-இல் ஐந்தாவது வந்தது. பள்ளத்தைக் காணோம்.

இந்தப் பள்ளத்தில் விழுந்தவர்தான் இன்னும் எழவில்லை.

பிடியின் முன்பக்கம் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். விரல்கள் மேட்டுக்கும் மேட்டுக்கும் இடையில் விழவேண்டும். ஆஸ்திரியாவில் யார் கையை அளந்து செய்தார்களோ, சிலருக்குப் பாந்தமாக விழும். சிலருக்கு விரல் மேட்டின்மேல் குந்திக்கொள்ளும். இவ்வளவுதான் விஷயம். ஒரு நிமிடத்தில் தெரிந்துகொள்ளக்கூடிய இந்த விஷயத்தை இவர் ஒன்பது வருடமாக ஆராய்கிறார். அதிலும் தன் கையை வைத்து அல்ல. "என் கை ரெண்டுக்கும் ஒத்துவருதுங்க, அதான் பிரச்சினை" என்பார். ஆகவே ஊரார் கை.

எங்கள் வீட்டுக்கு வந்தால் எதையும் சும்மா எடுக்கமாட்டார். தண்ணீர் பாட்டிலைப் பிடித்தபடி ஒரு நிமிடம் கண்ணை மூடுவார். டிவி ரிமோட்டை வாங்கி, "இது ரெண்டாம் தலைமுறைப் பிடி" என்று திருப்பித் தருவார். பஜ்ஜி வைத்தால் வாழைக்காய் பஜ்ஜியை ஒதுக்கிவிட்டு மிளகாய் பஜ்ஜியை எடுப்பார். மேடு பள்ளம் இருக்கிறதாம். முறுக்குக் குழலைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் பேசியிருக்கிறார், அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்க. என் மனைவி கடைசியில் குழலைப் பிடுங்கினாள். அவள் பிடுங்கிய வேகத்தையும் பாராட்டினார்: "சிஸ்டருக்கு கிரிப் பிரமாதம்."

என் மாமியார் வந்திருந்தபோது நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2019, எங்களுக்கு இரண்டாவது மகள் பிறந்த சமயம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மதுரையிலிருந்து வந்திருந்தார். கிளாக் மாமா சமையலறை வாசலில் நின்று, "அம்மா, உங்க கையைக் கொஞ்சம் நீட்டுங்க" என்றார். மாமியார் முந்தானையில் துடைத்துவிட்டு, பயபக்தியோடு இடது கையை நீட்டினார்.

"வலது கைம்மா."

"பொம்பளைங்களுக்கு இடது கைதானே தம்பி பார்ப்பாங்க?"

"பழக்கம் எந்தக் கையோ அதைப் பார்த்துத்தாம்மா சொல்லணும்."

மாமியாருக்கு மரியாதை இன்னும் கூடிவிட்டது. ரேகை பார்க்கிறவர்களிலேயே இவர் வேறு ரகம். இவர் சப்பாத்திக் கட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்து, இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, குனிந்து, நிமிர்ந்து, விரல்களைத் தள்ளி நின்று பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"உங்களுக்கு மூணாம் தலைமுறை அமையாதும்மா."

மாமியார் தொட்டிலைப் பார்த்தார். தான் ஒன்று, மகள் இரண்டு, தொட்டிலில் கிடப்பது மூன்று.

"நாலாவது?" என்றார், குரல் கம்ம.

"அதுவும் இதே கதைதான். பள்ளம். நேரா அஞ்சாம் தலைமுறைதான் உங்களுக்கு."

அன்று மாமியார் சாப்பிடவில்லை. மஞ்சள் துணியில் ஒரு டாலரை முடிந்து குலதெய்வத்துக்கு எடுத்துவைத்தார். நானும் மனைவியும் துப்பாக்கி, துப்பாக்கி என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னோம். "அவர் கடிகாரம்தானே வாங்கப்போறார்? என்னைத் தேத்துறதுக்காக வாய்க்கு வந்ததைச் சொல்லாதீங்க மாப்பிள்ளை" என்றார். இவரோ மறுநாளும் வந்து, "அம்மா கையை இன்னொரு தடவை பார்க்கலாமா, எக்செல்ல போடணும்" என்று நின்றார்.

இவர் வாங்கவே இல்லையா என்று கேட்பீர்கள். ஒரு தடவை வாங்க இருந்தார். 2017 ஆகஸ்ட். நான்காம் தலைமுறை என்று முடிவாகி, கடையையும் பார்த்து, சனிக்கிழமை என்று நாளும் குறித்தாயிற்று. ஹார்வி புயல் வந்தது. ஹூஸ்டன் மூழ்கியது. நாங்கள் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறோம், கீழே வரவேற்பறையில் முழங்கால் அளவு தண்ணீர். தெருவில் படகு போகிறது. இவர் ஃபோன். "சார், அஞ்சாவது வந்துடுச்சு!" ஐந்தாவது படகு என்று நினைத்து நான் பால்கனிக்கு ஓடினேன். நியாயமாகச் சொன்னால் செய்தி உண்மைதான். அந்த மாதக் கடைசியில்தான் ஐந்தாம் தலைமுறையை வெளியிட்டார்கள். அப்போது இவர் வீட்டுக்குள்ளும் தண்ணீர்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாவிட்டால் எனக்கு உறக்கம் வராது. அந்த வருடம் மார்ச்சிலேயே வெள்ளக் காப்பீடுகளை ஒப்பிட்டு, என்னை மேசையில் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கியவர் இவர். சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது, தனியாக எடுக்கவேண்டும் என்பதே எனக்கு இவர் சொல்லித்தான் தெரியும். அந்தப் பணத்தில்தான் என் வீட்டுத் தரையும் சுவரும் மறுபடி எழுந்தன. இவர் வீட்டுக்கு? இரண்டு திட்டங்களுக்கு நடுவில் இன்னும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தாராம்.

2018-இல் கலிபோர்னியாவில் இருக்கும் இவர் மச்சான் ஒரு கிளாக் வாங்கிவிட்டான். அங்கே அப்போது மாநில அனுமதிப் பட்டியலில் மூன்றாம் தலைமுறைதான் இருந்தது, சாதாரண ஆள் கடைக்குப் போனால் அதைத்தான் புதிதாக வாங்க முடிந்தது. போனான், பணம் கட்டினான், சட்டப்படி பத்து நாள் காத்திருந்தான், எடுத்துவந்தான். "பாவம், தேர்ந்தெடுக்கிற வாய்ப்பே இல்லாத பயல்" என்றார் இவர். 2020-இல் கொரோனா பயத்தில் அமெரிக்காவே துப்பாக்கிக் கடைக்கு ஓடி, அலமாரிகள் காலியாகின. "பார்த்தீங்களா, எல்லாரும் அவசரப்படுறாங்க" என்றார்.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன். காஸ்டன் கிளாக் துப்பாக்கித் தொழிலிலேயே இல்லை. திரைச்சீலைக் கம்பியும் கத்தியும் செய்துகொண்டிருந்தவர். ராணுவத்துக்குத் துப்பாக்கி வேண்டும் என்று கேள்விப்பட்டு உட்கார்ந்தார், ஓரிரு வருடத்தில் செய்துகொடுத்தார். அவருடைய பதினேழாவது காப்புரிமை, அதனால் கிளாக் 17. செய்தவருக்கு ஓரிரு வருடம், வாங்குகிறவருக்கு ஒன்பது வருடமா? இவர் கொஞ்சமும் அசரவில்லை. "அவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லையே சார்" என்றார். 2023 டிசம்பரில் அந்த மனிதர் தொண்ணூற்று நான்காவது வயதில் காலமானார். இவர் அன்று ஒரு வேளை சாப்பிடவில்லை.

சிரித்துக்கொண்டே எழுதுகிறேன், ஆனால் எனக்குக் கோபமும் உண்டு. எத்தனை சனிக்கிழமை! நாற்பது மைல் நான் ஓட்ட, சுடுதளத்தில் இரண்டையும் வாடகைக்கு எடுத்து மாற்றி மாற்றிச் சுடுவார். இரண்டிலும் ஒரே அளவு தப்பும். காகிதத்தில் நடு வட்டம் கன்னி கழியாமல் இருக்கும். "வித்தியாசம் தெரியலையே, இன்னும் ஒரு பெட்டி போட்டுப் பார்ப்போம்" என்பார். பெட்டி என் அட்டையில்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இவர் வீட்டில் இரண்டு பிள்ளைகள், பெரியவனுக்குப் பதினொன்று. கிளாக்கில் கட்டைவிரலால் தள்ளிப் பூட்டும் பாதுகாப்பு விசை கிடையாது. ட்ரிகரை முழுதாக அழுத்தினால் சுடும், அழுத்துவது யார் விரல் என்று பார்க்காது. அதை எனக்கு வரைபடம் போட்டு விளக்கியவரே இவர்தான். குண்டு நிரப்பிய துப்பாக்கி பதினேழு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் கைக்குக் கிடைக்கும்படி அஜாக்கிரதையாக விட்டால் டெக்சஸில் குற்றம் என்பதும் இவருக்குத் தெரியும். ஒன்பது வருட எக்செல்லில் ஸ்பிரிங்குக்கு ஒரு பத்தி, பள்ளத்துக்குப் பதினான்கு பத்தி. பூட்டுப் பெட்டி என்று ஒரு பத்தி இல்லை. கேட்டேன். "அது கடைசியில பார்த்துக்கலாம் சார், சின்ன விஷயம்." எனக்கு அன்று வந்த ஆத்திரத்தில் இவர் இன்னும் ஒன்பது வருடம் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று மீனாட்சியிடம் வேண்டிக்கொண்டேன். வேண்டுதல் பலித்துக்கொண்டிருக்கிறது.

போன மாதம் மாமியார் மதுரையிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். எதிர்வீட்டுப் பையனின் கை, அதில் ஒரு சப்பாத்திக் கட்டை. முப்பத்துமூன்று வயதாகிறது, எந்தப் பெண்ணும் அமையவில்லை, அந்தத் தம்பியிடம் காட்டிக் கேளுங்கள் மாப்பிள்ளை என்று குரல்பதிவு வேறு. விளக்கம் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை. படத்தை மட்டும் இவருக்குத் தள்ளிவிட்டேன். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது: "இடதுகைப் பழக்கம் போல. நாலுக்குக் கீழ போகவேண்டாம்." அதை அப்படியே மதுரைக்கு அனுப்பினேன்.

நாலு பொருத்தத்துக்குக் குறைந்தால்தானே வேண்டாம், கைவிட்டுப்போன திருமங்கலத்துப் பெண்ணுக்கு ஆறு பொருத்தம் இருக்கிறதே என்று இரு வீட்டாரும் மறுபடி பேசியிருக்கிறார்கள். தை மாதம் கல்யாணம்.