மாஸ் பேலன்ஸ் இடிக்கிறது, ஐயா

தன்னாட்சி பெற்ற, தரச்சான்று பெற்ற, பைபாஸ் ஓரத்தில் கிரானைட் வளைவும் பெற்ற கல்லூரியின் துறைத்தலைவர் அவர்களின் சமூகத்துக்கு, கெமிக்கல் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு முடித்த ஒரு பெண்ணின் தகப்பன் பணிவோடு எழுதிக்கொள்வது.

கல்லூரியின் பெயரை எங்கும் குறிப்பிடவில்லை. குறிப்பிட்டால் என் மகளின் இன்டர்னல் மார்க் ஆவியாகிவிடும். அந்த ஆவியைக் குளிர்வித்துத் திரும்பப் பிடிக்க உங்கள் லேபில் கண்டென்சரும் கிடையாது. இருந்ததாம், பழுதாம்.

சென்ற செவ்வாய்க்கிழமை தாங்கள் தந்த தரிசனத்துக்கு நன்றி. நைட் ஷிஃப்ட் முடித்து, மணலியிலிருந்து இரண்டு பஸ் மாறி, பத்து மணிக்கு உங்கள் அறை வாசலில் நின்றேன். ஒன்றே கால் மணிக்குக் கதவு திறந்தது. மகள் கையில் சுருட்டிய சார்ட் பேப்பர், மூன்று நாள் தரையில் குப்புறப் படுத்து வரைந்தது. எட்டு செமஸ்டருக்கு எட்டுக் கலன்கள். ப்ராசஸ் கால்குலேஷனிலிருந்து மாஸ் ட்ரான்ஸ்ஃபருக்கு ஒரு லைன், தெர்மோடைனமிக்ஸிலிருந்து ரியாக்‌ஷன் இன்ஜினியரிங்குக்கு ஒரு லைன், எதைப் படிக்காமல் எதற்குள் போகக் கூடாதோ அங்கெல்லாம் ஒரு வால்வு. அரியர் விழுந்தால் பின்னால் திரும்பி வர சிவப்பு மையில் ரீசைக்கிள். ஐந்தாவது, ஆறாவது கலன்களின் தலையில் விருப்பப் பாடங்களுக்காகத் திறந்தே விட்ட நாலு நாசில்.

"எந்தப் பாடத்த எந்த செமஸ்டர்ல எடுப்பீங்கன்னு சொன்னா போதும் சார். கேட் எக்ஸாமுக்கும் இன்பிளான்ட் ட்ரெயினிங்குக்கும் அத வச்சு பிளான் பண்ணிக்குவேன்" என்றாள்.

தாங்கள் சார்ட்டைப் பார்க்கவில்லை. அதன்மேல் டீ கிளாஸை வைத்தீர்கள்.

"விருப்பப் பாடம்னா எங்க விருப்பம்மா" என்றீர்கள். பக்கத்தில் ஃபைல் வைத்துக்கொண்டு நின்றவர் சிரித்தார். பாடத்திட்டப் புத்தகத்தில் பக்கம் பக்கமாகப் போட்டிருக்கும் விருப்பப் பாடங்களில், நீங்கள் நீட்டிய படிவத்தில் இரண்டே இரண்டுதான் அச்சாகியிருந்தன. இரண்டாவதைப் பேனாவால் அடித்துவிட்டு, "பிடிச்சதுல டிக் பண்ணு" என்றீர்கள். அவள் டிக் செய்தாள். பெற்றோர் கட்டத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். இருபத்துநாலு வருஷ ஆபரேட்டர் வேலையில், மனசுக்கு ஒப்பாத பர்மிட்டில் நான் போட்ட முதல் கையெழுத்து அது.

எங்கள் தொழிலுக்கு ஒரே ஒரு வேதம்தான் ஐயா: மாஸ் பேலன்ஸ். உள்ளே போனதில் வெளியே வந்ததைக் கழித்தால் உள்ளே தேங்கியது. ரியாக்‌ஷன் நடக்கிற கலனாக இருந்தால் கணக்கில் இன்னொரு உறுப்பு சேரும். உங்கள் துறையில் அப்படி எதுவும் நடப்பதாகத் தெரியாததால் விட்டுவிடுகிறேன்.

முதலில் கட்டணம். உள்ளே போனது: டியூஷன் ஃபீஸ், லேப் ஃபீஸ், பஸ் ஃபீஸ், 'இதர' என்கிற ஃபீஸ். வெளியே வந்தது: கழுத்தில் மாட்ட ஒரு நாடா. மீதி எங்கே தேங்கியது என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்தபோது அந்தக் கிரானைட் வளைவு தலைக்கு மேல் நின்றது. கணக்கு டேலி ஆகிவிட்டது.

அடுத்து ஆசிரியர்கள். நிறை அழிவதில்லை என்று லவாசியே சொன்னார். ஒரே நிறை ஒரே நேரத்தில் பல கலன்களில் இருக்கலாம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. நம் மாநிலத்தில் ஒரே ஆசிரியரைப் பல இன்ஜினியரிங் கல்லூரிகள் தம்முடையவர் என்று கணக்குக் காட்டிய கதை 2024 ஜூலையில் பேப்பரிலெல்லாம் வந்ததே. ஆய்வுக் குழு வருகிற அன்று மட்டும் உங்கள் துறையில் உள்ளே போகிறவர்களும் மறுநாள் வெளியே போகிறவர்களும் துல்லியமாகச் சமம். தேக்கம் சைபர். ஸ்டெடி ஸ்டேட் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

இண்டஸ்ட்ரியல் விசிட்டைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ஊட்டி, டீத்தூள் ஃபேக்டரி. உலர்த்துவதும் ஒரு யூனிட் ஆபரேஷன்தான், ஒப்புக்கொள்கிறேன். உள்ளே போனது நாற்பத்தொரு பிள்ளைகள், வெளியே வந்தது நாற்பத்தொரு பிள்ளைகளும் எட்டு கிலோ வர்க்கியும்.

லேபுக்கு வருகிறேன். மகளின் ரெகார்ட் நோட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை புரட்டினேன். ஹீட் எக்ஸ்சேஞ்சர் பரிசோதனை. வெந்நீர் நிமிஷத்துக்கு 2 லிட்டர், 62 டிகிரியில் போய் 51-ல் வெளியே வருகிறது. பச்சைத் தண்ணீரும் 2 லிட்டர், 30-ல் போய் 44-ல் வருகிறது. அதாவது வெந்நீர் பதினொரு டிகிரி இழந்தது, தண்ணீர் பதினாலு டிகிரி சம்பாதித்தது. இந்த இயந்திரத்தை எங்கள் மணலி ப்ளான்ட்டுக்குக் கொடுத்துவிடுங்கள் ஐயா, பாய்லரையே அணைத்துவிடலாம். கீழே பச்சை மையில் டிக், 'குட்', கையெழுத்து. "என்னம்மா இது?" என்றேன். "பம்ப் ஓடாதுப்பா. சீனியர் நோட்டப் பார்த்துத்தான் எல்லாரும் எழுதுவோம். அந்த சீனியரும் அவங்க சீனியரப் பார்த்துத்தான்" என்றாள். ஆக எழுதுகிறவர் ஒருவர்கூடத் தெர்மாமீட்டரைத் தொடாமல், உள்ளே போன ரீடிங் சிந்தாமல் சிதறாமல் தலைமுறை தலைமுறையாக வெளியே வருகிறது. உங்கள் கல்லூரியில் பேலன்ஸ் இடிக்காத இன்னொரு லைன் இது.

எங்கள் லாக் புக்கில் இப்படிப் பார்க்காத ரீடிங்கை எழுதினால் மெமோ. இரண்டாம் தடவை சஸ்பென்ஷன். மூன்றாம் தடவைக்கு அவசியம் இருக்காது, ஏதாவது வெடித்திருக்கும்.

பேனாவால் அடித்தீர்களே, அந்த இரண்டாவது பாடம் என்னவென்று தங்களுக்கு நினைவிருக்கிறதா? ப்ராசஸ் சேஃப்டி. நடத்த ஆள் இல்லை என்றீர்கள். மிச்சமிருந்தது டோட்டல் குவாலிட்டி மேனேஜ்மென்ட். அதை நடத்த எந்தத் துறை ஆளும் போதுமாம்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தது. என் தங்கை வீடு அங்கேதான். ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, எந்தப் பக்கம் காற்று என்று தெரியாமல் ஓடினாள். அப்போது என் மகள் பிளஸ் டூ. அத்தையின் சிவந்த கண்ணைப் பார்த்துவிட்டு வந்துதான் கெமிக்கல் எடுப்பேன் என்றாள். கட்-ஆஃபில் கொஞ்சம் தவறி, 1944-ல் தொடங்கிய ஏ.சி. டெக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. சொந்தக்காரர்கள் எல்லாரும், ஏன், உங்கள் அட்மிஷன் மேஜையில் இருந்த பெண்ணும்கூட, "அதே ஃபீஸுக்கு ஏஐ கிடைக்குது, அத எடுத்துக்கம்மா" என்றார்கள். இவள் அசையவில்லை. போபாலில் 1984-ல் விஷவாயுவில் செத்தவர்களை இன்னும் முழுசாக எண்ணி முடிக்கவில்லை. அந்த நாட்டில், அந்தப் படிப்பைச் சொல்லிக்கொடுக்கிற இடத்தில், ஆலை வெடிக்காமல் எப்படி ஓட்டுவது என்கிற பாடத்துக்கு ஆள் இல்லை. சிரிக்கிறதுக்கு மட்டும் ஆள் இருக்கிறது. வெட்கமாக இல்லையா?

மன்னிக்க வேண்டும். பிரஷர் ஏறிவிட்டது. ரிலீஃப் வால்வு திறந்து மூடிக்கொண்டது. தங்கள் மேன்மைக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

இந்தப் படிப்புக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் ஒருவரான ஜார்ஜ் டேவிஸ், ஆலைகள் காற்றில் விடுகிற நச்சைச் சோதிக்கும் அரசு இன்ஸ்பெக்டராக இருந்தவர். பார்த்ததையெல்லாம் தொகுத்து 1887-ல் மான்செஸ்டரில் பன்னிரண்டு சொற்பொழிவு ஆற்றினார். நல்லவேளை, அவர் தங்கள் துறையில் சேரவில்லை. சேர்ந்திருந்தால் அந்தப் பன்னிரண்டில் பதினொன்றைத் தாங்கள் பேனாவால் அடித்திருப்பீர்கள். பன்னிரண்டாவது நாளில் பிளேஸ்மென்ட்டுக்கு ஆப்டிட்யூட் கிளாஸ்.

தங்களிடம் இரண்டே விண்ணப்பங்கள். இன்பிளான்ட் ட்ரெயினிங்குக்கு போனஃபைடு கேட்டு என் மகள் ஏப்ரலில் கொடுத்த மனு உள்ளே போயிருக்கிறது, இன்னும் வெளியே வரவில்லை. எங்கள் ப்ளான்ட்டில் அவளுக்காகச் சொல்லிவைத்த இடம் அடுத்த திங்கட்கிழமை வரைதான் நிற்கும். எந்த மேஜையில் தேங்கியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, அந்தச் சார்ட் பேப்பர். கையெழுத்துப் போட்ட அவமானத்தில் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். தூக்கிப் போட்டிருந்தால் குப்பைக்கூடையிலிருந்து எடுத்தாவது கொடுத்தனுப்புங்கள். ஆறாவது செமஸ்டர் மேல் தங்கள் டீ கிளாஸின் வட்டம் விழுந்திருக்கும், பரவாயில்லை. அதற்கு மூடியும் ஒரு ரிலீஃப் வால்வும் வரைந்து கலனாக்கிக்கொள்வேன் என்கிறாள். ப்ராசஸ் சேஃப்டியை அதற்குள் தானே படித்துக்கொள்ளப் போகிறாளாம்.

இப்படிக்கு,
தங்கள் படிவத்தில் 'பெற்றோர் ஒப்புதல்' கட்டத்தில் கையெழுத்திட்டவன்