பல்லைப் பிடித்துப் பார்ப்பவர்

ஊருக்கு ஒருத்தர் இருப்பார், பழைய மின்சார ஸ்கூட்டர் பார்க்கப் போனால் கூட்டிப்போக. எங்கள் ஈரோட்டில் மீட்டர் மாமா. அவர் அப்பா கருங்கல்பாளையம் சந்தையில் மாட்டுத் தரகர். பல்லைப் பிடித்து வயது சொன்னவர். மகன் பேட்டரி முனையில் மல்டிமீட்டர் ஊசியை வைத்துச் சொல்கிறார்.

2010 கடைசியில் மத்திய அரசு இந்த வண்டிகளுக்கு மானியம் கொடுத்தது. 2012 மார்ச்சில் அது நின்றதும் பல கம்பெனிகள் கடையைக் கட்டின. அந்தக் காலத்து வண்டி மூன்று மாமா வீட்டிலேயே நிற்கின்றன. கன்ட்ரோலர் கிடைக்காமல் நின்ற ஒன்றின் பேட்டரிப் பெட்டியில் இப்போது கோழி அடைகாக்கிறது.

போன ஞாயிறு என் மச்சானுக்காக ஒரு வண்டி பார்த்தோம். 250 வாட், 25 கிலோமீட்டர் வேகம். லைசென்ஸும் வேண்டாம், பதிவும் வேண்டாம் என்கிற ரகம். ஆர்சி புக்கே கிடையாதே, வண்டி யாருடையது என்று எப்படித் தெரியும்? மாமா முதலில் வாங்கிய பில்லைக் கேட்டார். வந்தது.

"பேட்டரி போன வருசம்தானுங்க மாத்துனேன். அப்புறம் ஓட்டவே இல்லீங்க!"

பெட்ரோல் வண்டிக்கு இது நற்சான்றிதழ். மாமா முகத்தில் துக்கம் விசாரிக்கிற களை வந்துவிட்டது. சார்ஜ் ஏற்றாமல் போட்டுவைத்த ஈய பேட்டரி உள்ளே உப்புப் பூத்துச் செத்துப்போகுமாம். "சும்மா கட்டிப்போட்ட மாடாச்சும் சாணி போடுமுங்க" என்றார்.

மீட்டர் 52 வோல்ட் காட்டியது. விற்பவர் நிமிர்ந்தார். "ராத்திரி பூரா தீனி போட்டா எந்த மாடும் தெம்பாத்தான் நிக்கும்" என்று என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மேம்பாலத்துக்கு விட்டார் மாமா. என் எடையை அங்கேதான் முதல்முறையாக ஒருவர் பாராட்டினார். பாதி ஏற்றத்தில் சார்ஜ் காட்டும் நாலு பச்சைக் கோடு ஒன்றானது. இறங்கித் தள்ளினோம். சமதளம் வந்ததும் கோடுகள் வெட்கமில்லாமல் திரும்பி வந்தன.

சீட்டைத் தூக்கி நாலு பேட்டரியையும் தனித்தனியாக அளந்தார். மூன்று 12-க்கு மேல், ஒன்று 10. "ஒண்ணு நொண்டி. வரிசையாக் கோத்திருக்கு, மத்த மூணும் அதோட நடைக்குத்தான் நடக்கும். புதுசா ஒண்ணு மாத்துனா பழசுக மூணும் அதையும் கெடுத்துரும்."

விலை பதினைந்தாயிரம் என்றார்கள். மாமா மாட்டுத் தரகர் மாதிரி தோள் துண்டை விரித்து அதற்குள் கையை நீட்டினார். எந்த விரலைப் பிடித்தாரோ, விற்பவர் பதறிப்போனார்.

"ஏனுங்க, இது பழைய இரும்பு விலைங்களே!"

"இரும்புக்குத்தானுங்க கேட்டேன். பேட்டரிய நீங்களே வெச்சுக்குங்க."