அந்த ‘டிங்’ எங்கே போனது?

கேள்வி: என் புதுக் கீபோர்டில் நூற்றுக்கணக்கில் ஒலிகள் இருக்கின்றன. எண்பதுகளின் பாட்டில் கேட்ட அந்த எலெக்ட்ரிக் பியானோ மட்டும் வரமாட்டேன் என்கிறதே, ஏன்?

பதில்: நீங்கள் தேடுவது அநேகமாக 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7-இன் ‘இ.பியானோ 1’. அதற்குள் பியானோவே கிடையாது. ஆறு சைன் அலைகள், அவ்வளவுதான்! மூன்று ஜோடிகளாக நின்று, ஜோடிக்குள் ஒன்று மற்றதை உலுக்குகிறது. அந்த ‘டிங்’ பிறப்பது ஒரே ஒரு ஜோடியில். அங்கே உலுக்கும் அலைக்கு 14 மடங்கு வேகம். மெல்லத் தொட்டால் அது தூங்கும். ஓங்கித் தட்டினால் மணியடிக்கும். பதிவுசெய்த சாம்பிளை வாசிக்கும் கீபோர்டில் இந்த உயிர் பாதி போய்விடும். இப்படி ஓர் அலை மற்றதை உலுக்கும் எஃப்எம் முறையில் ஒலியை உருவாக்கும் கீபோர்டு தேடுங்கள். இல்லையா, ‘டெக்ஸ்டு’ என்ற இலவச மென்பொருளைக் கணினியில் ஏற்றுங்கள். பழைய டிஎக்ஸ்7 ஒலிக்கோப்புகளை அப்படியே விழுங்கிக்கொள்ளும்.

பலரும் கோட்டைவிடும் இடம் இனிதான். அசல் டிஎக்ஸ்7-இன் கட்டையை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் வெலாசிட்டி, அதாவது அடியின் வேக அளவு, 100-ஐ ஒட்டியே நின்றுவிடும். உங்கள் கீபோர்டோ 127 வரை போகும். பியானோ கேட்டவருக்குப் பாத்திரக்கடை கிடைக்கும்! வெலாசிட்டியைக் குறைத்துவிட்டு, கொஞ்சம் கோரஸ், கொஞ்சம் ரிவெர்ப் சேருங்கள். டிஎக்ஸ்7-இல் இவை இரண்டுமே கிடையாது. அந்தப் பளபளப்பெல்லாம் ஸ்டுடியோவில் பூசியது.