பல்லைப் பிடித்துப் பார்க்க அனுமதி கோரும் மனு

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
களப்பணியாளர்களுக்கான கைபேசித் தேர்வு மற்றும் கொள்முதல் குழு.

(எந்தத் துறையின் குழு என்று வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதினால் என் மதினிக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வரும். எழுதாவிட்டாலும் நட்டமில்லை. ‘உரிய நடவடிக்கைக்காக’ என்று மேலொப்பமிட்டு ஒரு துறை இன்னொரு துறைக்குத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தால், என்றைக்காவது தங்கள் மேசைக்கும் வந்துதானே ஆகவேண்டும்.)

பெருமதிப்புக்குரிய ஐயா,

நான் சிறுமலையில் கொஞ்சம் வாழை, கொஞ்சம் மிளகு, நாலு எலுமிச்சை மரம், இரண்டு குதிரை வைத்துப் பிழைப்பவன். என் அண்ணன் மனைவி தங்கள் பணியாளர். மலையில் இருக்கும் குடும்பங்களின் கணக்கை எடுத்துத் தங்களுக்கு அனுப்புவது அவர் வேலை. அதற்காகத் தாங்கள் ஒரு கைபேசி கொடுத்திருக்கிறீர்கள். முதலில் அதற்கு நன்றி சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கைபேசி வந்த நாளிலிருந்து மதினிக்கு மூட்டுவலி பற்றிப் புலம்ப நேரமே இல்லை. வீட்டில் சிக்னல் கிடையாது, மேட்டுக்கு ஏறினால் இரண்டு கோடு வரும், ஆகவே தினமும் ஏற்றம். முன்பு ஆறு மணிக்கு எழுந்திரிப்பவர் இப்போது நாலரைக்கே எழுந்துவிடுகிறார். அந்த நேரத்தில்தான் தங்கள் சர்வர் சும்மா இருக்கிறதாம். டார்ச் லைட்டும் கம்புமாகப் போய், வழியில் காட்டுமாடு நின்றால் அது நகரும்வரை நின்று, ‘வெற்றிகரமாகப் பதிவேற்றப்பட்டது’ என்ற பச்சை எழுத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். உடற்பயிற்சி, விடியற்காலைத் தியானம், வனவிலங்கு தரிசனம் எல்லாம் ஒரே சாதனத்தில். கடைக்காரர்கள் இந்த அம்சங்களை விளம்பரத்தில் போடுவதேயில்லை.

போன ஐப்பசியில் நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பஞ்சு மாதிரிச் சாரல். ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் நின்று மதினி ஒரு குடும்பத்தின் விவரம் பதிகிறார். பெயர், வயது, ஆதார், எடை என்று ஒவ்வொன்றாக வலது கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனார். திரையில் ஒரு துளி விழுந்தது. தொடுதிரைக்கு விரலும் ஒன்றுதான், நீர்த்துளியும் ஒன்றுதான். இரண்டிலும் மின்சாரம் பாயும். துளி ஒரு பொத்தானை அமுக்கியது, மதினி இன்னொன்றை அமுக்கினார். சரி, துடைப்போம் என்று முந்தானையால் ஒரு இழுப்பு இழுத்தார். அதையும் ஒரு உத்தரவாக எடுத்துக்கொண்டு கைபேசி பக்கத்தையே மூடிவிட்டது. “தம்பி, எல்லாம் போச்சு” என்றார். அந்த வீட்டுப் பாட்டி, “ஒரு நோட்டுல எழுதிக்கயேன் தாயி” என்றது. அந்தம்மாவைத் தங்கள் குழுவில் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் தாழ்மையான கருத்து.

எழுதி முடித்துப் படமெடுத்து ஏற்றினால், ‘இருப்பிடம் கண்டறிய முடியவில்லை’ என்று வரும். செயற்கைக்கோள் தலைக்கு மேல்தான் இருக்கிறது, அதைப் பார்க்க டவர் தேவையில்லை என்று படித்த பிள்ளைகள் சொல்கிறார்கள். ஆனால் செயற்கைக்கோள் எந்தப் பக்கம் நிற்கிறது என்ற விவரத்தை இணையம் வழியாகக் கேட்டுக்கொண்டால்தான் கைபேசி சட்டென்று இடத்தைச் சொல்லுமாம். இணையம் இல்லாவிட்டால் வானத்தைத் துழாவ வேண்டும், மேலே மரம் மூடியிருந்தால் இன்னும் நேரமாகும். எங்கள் சிறுமலை மலைவாழைக்கே 2008-09இல் புவிசார் குறியீடு கொடுத்து, இது இந்த மலையில் விளைவது என்று அரசு ஒப்புக்கொண்டுவிட்டது. அதே மலையில் நிற்கும் மதினி எங்கே நிற்கிறார் என்பதுதான் இன்னும் தெரியவில்லை.

ஐயா, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தாங்கள் கைபேசியை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?

எங்கள் ஊரில் குதிரை இல்லாமல் விவசாயம் இல்லை. தோட்டம் ஒரு பக்கம், தார்ச்சாலை ஒரு பக்கம். வாழைத்தாரும் பலாவும் எலுமிச்சை மூட்டையும் குதிரை முதுகில் வந்தால்தான் திண்டுக்கல்லில் உள்ள ‘சிறுமலை செட்’ சந்தைக்குப் போகும். பொங்கலுக்குக் கீழே எல்லோரும் மாட்டைக் குளிப்பாட்டினால் நாங்கள் குதிரையைக் குளிப்பாட்டுகிறோம். அப்படிப்பட்ட குதிரையை வாங்கும்போது நாங்கள் என்ன செய்வோம் தெரியுமா? பல்லைப் பார்ப்போம். குளம்பைத் தூக்கிப் பார்ப்போம். மூட்டை ஏற்றி, ஈரப் பாறையில் ஒரு நடை இறக்கி ஏற்றிப் பார்ப்போம். பணம் அதற்குப் பிறகுதான் மடியை விட்டு வெளியே வரும். முக்கியமாக, குதிரையை ஓட்டப்போகிறவன்தான் போய்ப் பார்ப்பான். ஓட்டாத பெரியப்பா பேச்சுத் துணைக்கு வருவார், அவ்வளவுதான்.

இதையே தங்கள் குழு செய்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு ராத்திரி யோசித்துப் பார்த்தேன். முதலில் விவரக்குறிப்பு தயாராகியிருக்கும்: கால்கள் நான்கு, வால் ஒன்று, நிறம் பழுப்பு அல்லது அதற்கு இணையானது. ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டிருக்கும். தொழில்நுட்ப உறை, விலை உறை என்று இரண்டு உறை. கடைசியில் யார் குறைந்த விலை சொன்னாரோ அவர் எல்-1. அவர் கொண்டுவந்து இறக்கியிருப்பது பொய்க்கால் குதிரையாக இருந்திருக்கும். குறையே சொல்ல முடியாது. கொள்ளு வேண்டாம், புல் வேண்டாம், பராமரிப்புச் செலவு பூஜ்யம், தணிக்கையில் பாராட்டு. பார்ப்பவர்களுக்கு மதினி குதிரைமேல் ஜம்மென்று போவது போலத்தான் தெரியும். நடப்பதென்னவோ அவர் கால். குதிரையின் பாரமும் அவர் இடுப்பில்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று தாங்கள் கேட்கக்கூடும். இது தானமில்லை ஐயா. வேலை வாங்குவதற்குக் கட்டிவிட்டது.

இது எங்கள் ஒரு மலையின் குறை மட்டும் என்று நினைத்து இக்கடிதத்தை மூடிவிட வேண்டாம். நாட்டில் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடி மையங்கள், தமிழ்நாட்டில் மட்டும் 54,000-க்கும் மேல். அவற்றுக்காக 2021 மார்ச்சில் போஷன் டிராக்கர் என்ற செயலி வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மகாராஷ்டிரத்து அங்கன்வாடி ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் ஊர்வலமாகப் போய், கொடுத்த கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். 2 ஜிபி நினைவகத்தில் செயலியே திறக்கவில்லை, சூடாகிறது, ரிப்பேர் செலவு எங்கள் தலையில் விழுகிறது என்பது அவர்கள் குறை. செயலியின் ஆங்கிலத்தோடும் அவர்களுக்கு வழக்கு இருந்தது. 2025 ஜூலை 1 முதல் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவுக்கு முகப்பதிவு வேறு கட்டாயமானது. தமிழ்நாட்டிலும் சில மாவட்டங்களில், புதிய வேலைக்குப் பழைய கைபேசி ஆகாது, 5ஜி கொடுங்கள் என்று மேசைமேல் கைபேசியை வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். இலவசமாக வந்த பொருளை ஏழைகள் வரிசையில் நின்று திருப்பிக் கொடுப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மிக்சியையோ கிரைண்டரையோ யாராவது இப்படித் திருப்பிக் கொடுத்திருக்கிறார்களா?

நூறு நாள் வேலைக்கும் இதே கதைதான். 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பணிகள் நீங்கலாக, எல்லாப் பணித்தளங்களிலும் நாளுக்கு இரண்டு முறை கைபேசியில் படமெடுத்து வருகை பதியச் சொன்னார்கள். 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதியது: படத்தையே படமெடுத்து ஏற்றுகிறார்கள், வேலைக்குச் சம்பந்தமில்லாத படமெல்லாம் வருகிறது என்று. திருட்டைப் பிடிக்க வைத்த கேமராவுக்கே படத்தைக் காட்டி ஏய்த்துவிட்டார்கள். நேர்மையாகச் செய்ய நினைத்த பணித்தளப் பொறுப்பாளர் மட்டும் டவர் தேடி மேட்டில் நின்றார்.

கைபேசியில் எதைப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று தங்களுக்குச் சொல்ல நான் யார்? இருந்தாலும் என் அண்ணன் மகன் செய்ததைச் சொல்கிறேன். திண்டுக்கல்லில் படிக்கிறவன். அவனுக்குக் கைபேசி வாங்குவதற்கு முன், கூட்டாளிகளின் கைபேசிகளை வார விடுமுறைக்கு இரவல் வாங்கிக்கொண்டு மேலே வந்தான். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவில் எந்த வளைவுக்கு மேல் எது செத்துப்போகிறது என்று பஸ்ஸில் உட்கார்ந்தே பார்த்தான். எல்லா டவர் அலையும் ஒன்றல்ல சித்தப்பா என்று எனக்கு வகுப்பெடுத்தான். 700, 850 மெகாஹெர்ட்ஸ் என்று எண் குறைந்த அலைகள் தூரம் போகும், மரம் மட்டையை ஓரளவு தாண்டும். 2300 மாதிரி எண் கூடியவை டவுனில் வேகம் காட்டிவிட்டு மலைச்சரிவில் மூச்சு வாங்கும். பி.எஸ்.என்.எல். 4ஜிக்கு 700-ஐப் பயன்படுத்துகிறது. அதைப் பிடிக்க ‘பேண்டு 28’ வேண்டும், வாங்குகிற கைபேசியில் அது இருக்கிறதா என்று அட்டைப்பெட்டியில் தேடினான். கடைக்காரர் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாராம். வெயிலில் திரை தெரிகிறதா என்று கடைக்கு வெளியே கொண்டுபோய்ப் பார்த்தான். சிக்னல் மங்க மங்க டவரை எட்டுவதற்குக் கைபேசி கூடுதல் மின்சாரம் தின்னும் என்பதால், பேட்டரி பெரியதாக இருக்கட்டும் என்றான். வயது பத்தொன்பது. அவன் எந்தக் குழுவிலும் இல்லை.

மதினி இப்போது அவசரத்துக்கு அவன் கைபேசியில்தான் வேலை பார்க்கிறார். தாங்கள் கொடுத்தது வாட்ஸ்ஆப் குழுக்களுக்கு. அதில் அதிகாரிகள் அனுப்பும் காலை வணக்கப் பூக்களும் சுற்றறிக்கைகளும் நிறைந்து, இடம் போதவில்லை என்று செயலி புதுப்பிக்க மறுக்கிறது. புதுப்பிக்காத செயலி திறக்க மறுக்கிறது. பூவை அழிக்கலாமா என்று மதினி என்னிடம் கேட்டார். மேலதிகாரி அனுப்பிய பூ. நான் பொறுப்பேற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

பழகவில்லையா என்றால், நன்றாகப் பழகிவிட்டார். பாலித்தீன் பையில் சுற்றி வைத்திருக்கிறார். பையோடு அழுத்தினாலும் வேலை செய்யும் என்று கண்டுபிடித்தது அவர்தான். முதலில் நோட்டில் எழுதுகிறார், அதை அலுவலகப் பதிவேட்டில் எழுதுகிறார், பிறகு கைபேசியில் ஏற்றுகிறார். காகிதம் இல்லா நிர்வாகம் வந்த பிறகு எங்கள் வீட்டில் நோட்டுச் செலவு கூடியிருக்கிறது. பயிற்சியும் கொடுத்தீர்கள், மறுக்கவில்லை: கீழே, ஏசி அறையில், வைஃபையோடு. அங்கே எல்லோருக்கும் எல்லாமே திறந்ததாம்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். அடுத்த கைபேசியைத் தேர்வு செய்யும்முன் குழு ஒருமுறை சிறுமலைக்கு வர வேண்டும். ஜீப் வேண்டாம், திண்டுக்கல் பஸ் நிலையத்திலிருந்து பஸ். எல்-1 முதல் எல்-5 வரை கைபேசிகள் உறுப்பினர் ஆளுக்கொன்றாகக் கையில் இருக்கட்டும். மலைமேல் புதூரில் இறங்கியதும் மதினி கூட்டிக்கொண்டு போவார்; ஆளுக்கொரு வீட்டு விவரத்தைப் பதிந்து, படமெடுத்து, ஏற்றிக் காட்ட வேண்டும். மாதம் ஐப்பசி என்றால் விசேஷம். பாதை வழுக்கினால் பிடித்துக்கொள்ள என் குதிரைகள் இரண்டும் உண்டு, வாடகை கேட்க மாட்டேன். மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில், பலா சீசனாக இருந்தால் பலாவும் உண்டு.

அன்றைய வருகையைக் குழுவினர் தங்கள் கைபேசியிலேயே முகத்தோடும் இருப்பிடத்தோடும் பதிந்துகொள்ள வேண்டும். பதியாதவர் அன்று வரவில்லை என்றே கொள்ளப்படும், பயணப்படியும் கிடையாது. இந்த விதி ஏற்கெனவே தங்கள் சுற்றறிக்கையில் இருக்கிறது. மதினிக்காக எழுதியது, ‘பணியாளர்’ என்ற இடத்தில் ‘குழு உறுப்பினர்’ என்று மாற்றினால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இரண்டு குதிரைக்காரன்,
சிறுமலை.