சமையலறை நடுமேடை: தம்மம்பட்டியை முன்வைத்து ஒரு முதற்கட்ட ஆய்வு

சேலம் மாவட்டம் தம்மம்பட்டியில் பழைய வீட்டைப் புதுப்பிக்கும் குடும்பங்களுக்குள் ஒரு புதுச் சச்சரவு நுழைந்திருக்கிறது. அடுப்படிக்கு நடுவில் தனியாக ஒரு மேடை போடுவதா, வேண்டாமா? கைப்பேசியில் படம் பார்த்த மருமகள் வேண்டும் என்கிறார். “நடுவுல அதைக் கட்டிட்டா நான் எங்க கண்ணு உக்காந்து கீரை ஆயறது?” என்கிறார் மாமியார். இரு தரப்புக்கும் சார்பின்றி இப்பொருளை ஆராய்வதே நோக்கம். ஆய்வாளர் இரு தரப்பிலும் காபி குடித்திருக்கிறார்.

முன்னோர் ஆய்வுகளைப் பார்ப்போம். 1926இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற வியன்னாக் கட்டடக் கலைஞர் பிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர் அளவில் ஓர் அடுப்படியை வடிவமைத்தார். சமைப்பவர் எட்டு வைக்கும் தூரத்தைக் குறைப்பதே அவர் குறி. அதில் நடுமேடை போட்டால் சமைப்பவர் வெளியே நின்றுதான் கிளற வேண்டும். 1940களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தார் அடுப்பு, தொட்டி, ஃபிரிட்ஜ் மூன்றையும் இணைக்கும் முக்கோணக் கொள்கையைக் கொண்டுவந்தனர். மூன்று பக்கமும் சேர்ந்து 26 அடியைத் தாண்டக்கூடாது. நம் பக்கம் இக்கொள்கை தடுமாறுகிறது. பல வீடுகளில் ஃபிரிட்ஜ் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில், தலையில் பூத்துணி போர்த்தி நிற்கிறது. ஆகவே முக்கோணத்தின் ஒரு முனை சுவரைத் துளைத்துக்கொண்டு போகிறது. கிரைண்டரையும் கணக்கில் எடுத்தால் நாற்கோணமாகிவிடும்.

அடுத்து அளவு. ஒருவர் சமைக்க, மேடையைச் சுற்றி 42 அங்குல நடைவெளி வேண்டும் என்பது அமெரிக்க அடுப்படி வடிவமைப்பாளர்களின் பரிந்துரை. பத்தடி அகல அறையில் சுவரோர மேடைக்கு இரண்டடி, இருபுறமும் மூன்றரை அடி கழித்தால் மிஞ்சுவது ஓரடி. அந்த அகலத்தில் முருங்கைக்காயை நீளவாக்கில் மட்டுமே வைக்கலாம். பதினோரு அடி இல்லாதவர்கள் இக்கட்டுரையை இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

மேற்பரப்புக் கல்லில் மூன்று கட்சிகள். கடப்பாக்கல் மலிவு, ஆனால் அது சுண்ணாம்புக்கல் இனம். புளிக்கரைசலும் எலுமிச்சையும் பட்ட இடம் மங்கிவிடும், புளிக்குழம்பு வீட்டுக்கு ஆகாது. குவார்ட்ஸில் பிசின் கலந்திருப்பதால் அடுப்பிலிருந்து இறக்கிய வாணலியை அப்படியே வைக்க முடியாது. கிருஷ்ணகிரி கிரானைட் இரண்டையும் தாங்கும். விவாதம் முடிந்தது.

ஆனால் மேடையின் அடிப்பாகத்தில்தான் தம்மம்பட்டியின் தனிச்சிக்கல் இருக்கிறது. வாகையிலும் அத்தியிலும் தெய்வங்களைச் செதுக்கும் சிற்பிகள் வாழும் ஊர் இது; அதற்காகப் புவிசார் குறியீடே பெற்றது. இந்த ஊரில் இருந்துகொண்டு ஒட்டுப்பலகையில் மேடையை மூடுவதா? வீட்டுக்காரர் ஒருவர் அடிப்பலகையில் கஜலட்சுமியைச் செதுக்கித் தரக் கேட்டார். சிற்பி மறுத்துவிட்டார்: “சாமி வேண்டாங்கண்ணா. ஸ்டூல்ல உக்காந்து குழந்தைங்க காலாட்டும், பட்டுரும். லட்சுமியை விட்டுட்டு யானையை மட்டும் வெச்சுக்கலாம்.” முழங்கால் உயரத்தில் எவ்வுருவம் தகும் என்ற இக்கேள்வியை மேற்சொன்ன ஜெர்மன், அமெரிக்க ஆய்வுகள் எதுவும் தொடவில்லை. யாளி, அன்னம், பூக்கொடி ஆகியவற்றுக்குத் தடையில்லை. ஆழமாகச் செதுக்கினால் மட்டும் தாளிப்பின் எண்ணெய்ப் பிசுக்கு இடுக்கில் ஏறும். பல் துலக்கும் பிரஷ்ஷால்தான் எடுக்க வேண்டும்.

அடுப்பை நடுமேடைக்குக் கொண்டுபோகலாமா? வாஸ்துவில் அடுப்புக்கு அக்கினி மூலை, அதாவது தென்கிழக்கு. வாஸ்துவை நம்பாதவருக்குச் சீலிங் ஃபேன் இருக்கிறது: அது சுழன்றால் தீ ஆடும், நிறுத்தினால் சமைப்பவர் வேர்ப்பார். அடுப்பு சுவரோரமே இருக்கட்டும்.

மேடை கட்டிய பிறகு அதில் காணப்பட்டவை: கறிவேப்பிலைக் கட்டு, சார்ஜர், பிரஷர் மாத்திரை, பிரிக்காத பார்சல், யாருடையது என்று தெரியாத சாவி. காய் நறுக்குவது அங்கு நடைபெறவில்லை. மாமியார் அதன் கிழக்குப் பக்கம் தரையில் அரிவாள்மனை போட்டு, மேடையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். சாய்மானம் வசதி என்று ஒப்புக்கொள்கிறார். எனவே அந்தப் பக்கப் பலகையைச் செதுக்காமல் வழவழப்பாக விடச் சொல்வது நல்லது. யானையின் துதிக்கை முதுகில் குத்துகிறதாம்.