குதிரைப் பட்டதாரிக்காக ஒரு விண்ணப்பம்

பெறுநர்: இங்கிலாந்தில் குதிரையியல் பட்டம் வழங்கும் பல்கலைக்கழகங்களின் மாணவர் சேர்க்கைக் குழுவினர்.



குதிரையை நம்பிக் கல்லூரி நடத்துவது தங்கள் நாட்டுக்குப் புதிதல்ல. 18 பந்தயங்களில் ஓடி ஒன்றிலும் தோற்காத எக்லிப்ஸ் 1789இல் செத்தது. அதை அறுத்து அளந்து எழுதிய பிரெஞ்சுக்காரர் சாங்பெல், 1791இல் தொடங்கிய லண்டன் கால்நடை மருத்துவக் கல்லூரியின் முதல் பேராசிரியரானார். செத்த குதிரையை வைத்தே அவருக்கு வேலை கிடைத்துவிட்டது. (பாவம், 1793இல் அவரும் போய்ச் சேர்ந்தார்.) தங்கள் பட்டதாரிக்கு உயிருள்ள குதிரையை வைத்துக்கொண்டும் வேலை கிடைப்பது பெரும்பாடாக இருக்கிறது.

மூன்று ஆண்டில் அவர் கற்பது கொஞ்சமல்ல. குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. வயிற்றுவலி வந்தால் உயிருக்கே ஆபத்து. சினைக்காலம் ஏறத்தாழ 340 நாள். வட அரைக்கோள நாடுகளில் பந்தயக் குட்டிகள் எல்லாவற்றுக்கும் ஜனவரி 1தான் அதிகாரபூர்வப் பிறந்தநாள் என்பதால், குளிர்காலத்தில் விளக்கெரித்துப் பகலை 16 மணி நேரமாக நீட்டி, வசந்தம் வந்துவிட்டதென்று பெட்டையை நம்பவைக்கவும் அவருக்குத் தெரியும்.

பட்டமளிப்பு அங்கியைக் கழற்றிவிட்டு லாயத்துக்குள் நுழைகிறார். குதிரைக்கு வயிற்றுவலி. காரணம் தெரியும், ஆனால் 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி நோயைக் கணித்து வைத்தியம் பார்க்கக் கால்நடை மருத்துவர் வர வேண்டும். லாடம் கழன்றிருக்கிறது. குளம்பின் உள்ளமைப்பை வரைந்து மதிப்பெண் வாங்கியவர்தான். ஆனாலும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி, தொழில் பழகிப் பதிவு பெற்றவரே லாடம் அடிக்கலாம். சரி, செயற்கைக் கருவூட்டல்? அதையும் படித்திருக்கிறார். பந்தய இனமான தரோபிரெட்டில் அப்படிப் பிறக்கும் குட்டியைப் பதிவேட்டில் சேர்க்கவே மாட்டார்கள். பொலிகுதிரையும் பெட்டையும் நேரில் கூடியாக வேண்டும். பட்டதாரி ஓரமாக நிற்கலாம்.

எந்தச் சட்டமும் குறுக்கே வராத வேலை ஒன்று மிஞ்சுகிறது. ஒரு குதிரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 கிலோ லத்தி போடும். அதை வாரும் முறையை, 16 வயதில் தொழிற்பயிற்சிக்கு வந்த பையன் அவருக்குச் சொல்லித் தருவான்.

கட்டணத்தையும் பார்த்துவிடலாம். 2025இல் அது ஆண்டுக்கு 9,535 பவுண்டு வரை. 2023 ஆகஸ்ட் முதல் படிப்பைத் தொடங்கியவர்களின் அரசுக் கடனில் மிச்சமிருப்பது 40 ஆண்டு கழித்துத்தான் தள்ளுபடி. குதிரையின் ஆயுளோ 25, 30 ஆண்டு. இவர் கல்லூரியில் சேர்ந்த நாளில் பிறந்த குட்டி கிழமாகிச் செத்த பிறகும் கடன் உயிரோடு இருக்கும். குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம்!

தீவன நிறுவனம், ஆய்வகம், பந்தய நிர்வாகம் என்று போகிறவர்களுக்கு இந்தப் பட்டம் பயன்படுகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் பதினேழு வயதில் விண்ணப்பிக்கும் பிள்ளை தீவனப் பகுப்பாய்வை நினைத்தா வருகிறது?

ஆகவே, அடுத்த ஆண்டுக் கையேட்டில் கட்டண விவரத்துக்குப் பக்கத்திலேயே அந்த இரண்டு சட்டங்களையும் தரோபிரெட் விதியையும் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். பட்டமா தொழிற்பயிற்சியா என்பதைப் பிள்ளைகள் பணம் கட்டும் முன்பே முடிவு செய்துகொள்ளட்டும்.